குறிசுடும் விளையாட்டு: எந்தத் தோட்டா துல்லியமானது?



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் துப்பாக்கியையும் தோட்டாவையும் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆறாம் ஆண்டு முடித்து நம்மிடமிருந்து விடைபெறும் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறார்கள். அங்கே புறப்பாட நடவடிக்கைப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். காற்பந்து, பூப்பந்து, சதுரங்கம் என்றால் பெற்றோர் தயங்காமல் கையொப்பம் இடுகிறார்கள். குறிசுடும் கழகம் என்றால் அப்படியே திகைத்துப் போகிறார்கள். திகைப்பு ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் இணையத்தில் படித்ததையும் கணினி விளையாட்டில் பார்த்ததையும் வைத்துக்கொண்டு, "பெரிய தோட்டா, வேகமான தோட்டா, அதுதானே நேராகப் போகும்? சின்னத் துப்பாக்கியில் என்ன பயிற்சி?" என்று பேசும் பிள்ளைகளும் சில தந்தைமாரும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டு தரப்பினருக்கும் சேர்த்தே இக்கட்டுரை. துல்லியம் என்பது வேகத்தாலோ ஆற்றலாலோ வருவதன்று. ஒவ்வொரு முறையும் மாறாமல் ஒன்றுபோல் நடப்பதால் வருவது. ஆகவே பள்ளிப் பிள்ளைக்கு உகந்தவை மிகச் சிறிய இரண்டு அளவுகள்தாம். அவற்றுக்கு அப்பால் செல்லும் அவசரம் தேவையில்லை. இதுவே என் நிலைப்பாடு. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சொற்களைத் தெளிவாக்குவோம்

மொழியாசிரியன் என்பதால் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மலாய்மொழியில் பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'பெலூரு' என்று சொல்லிவிடுகிறோம். தமிழிலும் குண்டு, தோட்டா, ரவை என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். குறிசுடும் விளையாட்டைப் புரிந்துகொள்ள இவற்றைப் பிரித்துவைப்பது நல்லது.

தோட்டா என்பது முழுப்பொருள். அதில் நான்கு உறுப்புகள் உள்ளன. ஒன்று, பித்தளைக் கூடு. இரண்டு, கூட்டின் அடியில் தட்டினால் தீப்பற்றும் மருந்து. மூன்று, கூட்டினுள் இருக்கும் வெடிமருந்துத் தூள். நான்கு, கூட்டின் வாயில் பொருத்தப்பட்டிருக்கும் குண்டு. குறியை நோக்கிப் பறப்பது குண்டு மட்டுமே. கூடு துப்பாக்கியிலேயே தங்கிவிடும்.

தீப்பற்றும் மருந்து எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டு தோட்டாக்களை இரு வகையாகப் பிரிக்கிறார்கள். கூட்டின் அடிவிளிம்பினுள் சுற்றிலும் மருந்து பூசப்பட்டிருந்தால் அது ரிம்ஃபயர் தோட்டா. அடியின் நடுவில் தனிக் கிண்ணம்போல் பொருத்தப்பட்டிருந்தால் அது சென்டர்ஃபயர் தோட்டா. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

அடுத்து எண்கள். '.22' என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு. அதாவது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். இது குழலின் விட்டத்தைக் குறிக்கும் எண். குண்டின் எடையையோ, வேகத்தையோ, ஆற்றலையோ இது சொல்வதில்லை. இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டாலே பாதி அச்சமும் பாதி மயக்கமும் விலகிவிடும்.

4.5 மில்லிமீட்டர்: வெடிமருந்தே இல்லாத தொடக்கம்

பள்ளிக் கழகங்களில் பிள்ளைகள் முதலில் கையில் எடுப்பது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் என்னும் காற்றழுத்தத் துப்பாக்கி. இதில் தோட்டாவே கிடையாது. இடை சுருங்கிய சிறிய ஈயக்குண்டு ஒன்றை அழுத்தப்பட்ட காற்று தள்ளுகிறது. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர், எடை அரை கிராமுக்குச் சற்று அதிகம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர்.

இதைச் 'சின்னப்பிள்ளை விளையாட்டு' என்று எண்ணுகிறவர்கள் அதன் இலக்கு அட்டையைப் பார்க்க வேண்டும். பத்துப் புள்ளிக்குரிய நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர். பென்சில் முனையால் வைத்த ஒரு புள்ளி அளவு. ஒன்பது புள்ளிக்குரிய வளையத்தின் விட்டம் 5.5 மில்லிமீட்டர். முழு இலக்கும் 45.5 மில்லிமீட்டர்தான். குண்டுத் துளையின் ஓரம் நடுப்புள்ளியைத் தொட்டால் பத்துப் புள்ளி கிடைக்கும். ஆனால் இன்று உயர்நிலைப் போட்டிகளில் தசமத்தில் புள்ளி கணக்கிடுகிறார்கள். ஒரு குண்டுக்கு உச்சப் புள்ளி 10.9. அதைப் பெறத் துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும்.

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தனிநபர் தங்கத்தைப் பெற்றுத் தந்த அபினவ் பிந்த்ரா வென்றது இந்தப் பத்து மீட்டர் போட்டியில்தான். இறுதிக் குண்டுக்குமுன் அவரும் பின்லாந்து வீரர் ஒருவரும் சமநிலையில் இருந்தனர். பிந்த்ராவின் கடைசிக் குண்டு 10.8. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த தமிழ்ப்பெண் இளவேனில் வாலறிவன், 2019ஆம் ஆண்டு ரியோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான். நம் நாட்டின் நூர் சுர்யானி 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கருவுற்ற நிலையில் களமிறங்கியதும் இதே பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். உடல்வலிமைக்கும் ஆணென்ற பெருமைக்கும் இவ்விளையாட்டில் தனிச்சலுகை எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

.22 லாங் ரைஃபிள்: நூற்றாண்டைக் கடந்த சிறுதோட்டா

அடுத்த படி 50 மீட்டர். இதற்கு அனைத்துலக விதி ஒரே ஒரு தோட்டாவைத்தான் ஏற்கிறது: .22 லாங் ரைஃபிள். 1857இல் வெளிவந்த .22 ஷார்ட் என்னும் குட்டித் தோட்டாவின் வழியில் பிறந்து, 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது இது. ஈயக்குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம். ரிம்ஃபயர் வகையைச் சேர்ந்தது.

இதே பெயரில் கடைகளில் பலவகைத் தோட்டாக்கள் உண்டு. இரண்டை மட்டும் ஒப்பிடுவோம். ஒன்று, போட்டிக்கென்றே செய்யப்படுவது. இங்கிலாந்தின் ஈலி டெனெக்ஸ், ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்-50 போன்றவை. இவற்றின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டு வெளியேறும். மற்றொன்று, சிறு விலங்கு வேட்டைக்கும் பொழுதுபோக்குக்கும் விற்கப்படும் அதிவேக வகை. நொடிக்கு ஏறத்தாழ 380 மீட்டர்.

விலை பல மடங்கு அதிகமான போட்டித்தோட்டா மெதுவாகச் செல்கிறது. மலிவான தோட்டா வேகமாகச் செல்கிறது! இது பலருக்கு வியப்பாக இருக்கும். காரணம் ஒலியின் வேகம். நம் நாட்டு முப்பது பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. குண்டின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போதும் தாண்டும்போதும் காற்றின் தடை திடீரென மிகுந்துவிடுகிறது. அதிவேகக் குண்டு ஒலியைத் தாண்டிப் புறப்பட்டு, 50 மீட்டரை அடைவதற்குள் மீண்டும் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது அது தடுமாறவும் கூடும். போட்டித்தோட்டா அந்த எல்லைப் பக்கமே போவதில்லை.

பக்கக்காற்றிலும் மெதுவான குண்டே வெல்கிறது. "வேகமாகப் போனால் காற்று தள்ளுவதற்கு நேரமே இருக்காதே?" என்று கேட்கத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பக்கக்காற்றின் விலக்கம், குண்டு பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததன்று. காற்றுத்தடையால் அது எவ்வளவு தாமதமாகிறது என்பதைப் பொறுத்தது. தடையே இல்லாவிட்டால் எடுக்கும் நேரத்துக்கும் உண்மையில் எடுக்கும் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலக்கம் கிடைக்கும்.

போட்டித்தோட்டா: 330 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு, 50 மீட்டரில் ஏறத்தாழ 305 ஆகக் குறைகிறது. சராசரி 317.5. எடுக்கும் நேரம் 0.1575 நொடி. தடையில்லாவிட்டால் 0.1515 நொடி. வேறுபாடு 0.006 நொடி. காற்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசினால் விலக்கம் 6 மில்லிமீட்டர்.

அதிவேகத் தோட்டா: 380இல் புறப்பட்டு, 50 மீட்டரில் ஏறத்தாழ 335. சராசரி 357.5. நேரம் 0.1399 நொடி. தடையில்லாவிட்டால் 0.1316. வேறுபாடு 0.0083 நொடி. விலக்கம் 8 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம்.

இந்த இரண்டு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் 5.6. துளையின் ஓரம் தொட்டாலே போதும் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர்வரை விலகலாம். ஆக, மிகச் சரியாகக் குறிபார்த்த ஒருவரின் போட்டித்தோட்டா அந்த இளங்காற்றில் பத்துக்குள் நிற்கிறது. அதிவேகத் தோட்டா பத்தின் எல்லையைத் தாண்டி ஒன்பதுக்குப் போய்விடுகிறது. ஆறாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய வகுத்தலும் கழித்தலுமே இதில் உள்ளன. வேகமே சிறப்பு என்னும் எண்ணத்தை அடித்து வீழ்த்த இந்தக் கணக்குப் போதும்.

ஒரே பெட்டி, ஒரே தொகுதி

ரிம்ஃபயர் தோட்டாவில் இன்னொரு சிக்கல் உண்டு. தீப்பற்றும் மருந்து விளிம்பைச் சுற்றிச் சீராகப் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் இருந்தால் எரிதல் மாறும். எரிதல் மாறினால் வேகம் மாறும். வேகம் மாறினால் குண்டு மேலோ கீழோ விழும். சென்டர்ஃபயர் தோட்டாவின் கூட்டை மீண்டும் நிரப்பித் தனக்கேற்பச் சரிசெய்துகொள்ளலாம். ரிம்ஃபயர் கூட்டை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். தொழிற்சாலையில் எப்படி வந்ததோ அப்படித்தான்.

ஆகவே தேர்ந்த வீரர்கள் என்ன செய்கிறார்கள்? பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணைப் பார்க்கிறார்கள். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை. ஆயினும் தொகுதிக்குத் தொகுதி சிறு வேறுபாடு இருக்கும். ஒருவருடைய குழலுக்கு ஒத்துப்போகும் தொகுதி மற்றவர் குழலுக்கு ஒத்துப்போகாமலும் இருக்கும். துப்பாக்கியை இறுக்கமாகப் பிணைத்து, பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, துளைகள் எந்தத் தொகுதியில் நெருக்கமாக விழுகின்றன என்று கண்டறிந்து, அந்தத் தொகுதியையே மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இதற்கென்றே தோட்டா நிறுவனங்கள் சோதனைக்கூடங்கள் நடத்துகின்றன.

இது உயர்நிலை வீரர்களின் கவலை. தொடக்கநிலைப் பிள்ளைக்கு இது தேவையற்றது. பயிற்சித்தரத் தோட்டாவில் வரும் விலக்கத்தைவிட அந்தப் பிள்ளையின் மூச்சாலும் விரலாலும் வரும் விலக்கம் பன்மடங்கு பெரிது. முதலாண்டிலேயே விலையுயர்ந்த தோட்டாவை வாங்கிக் கொடுப்பது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்குத் தங்கப்பேனா வாங்கித் தருவது போன்றது.

பெரிய அண்ணன்கள்

இவ்வளவு சொன்னபின், "அப்படியானால் உலகிலேயே துல்லியமான சிறுவிட்டத் தோட்டா .22 லாங் ரைஃபிள்தானா?" என்று கேட்டால், இல்லை. உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

1959இல் வந்த .22 மேக்னமும் 2002இல் வந்த .17 எச்.எம்.ஆர். தோட்டாவும் ரிம்ஃபயர் இனத்தின் வேகக்காரர்கள். பின்னதன் குண்டு ஒரு கிராமுக்குச் சற்று மேல். வேகம் நொடிக்கு 770 மீட்டருக்கும் அதிகம். இவை வயல்வெளிக்கு ஏற்றவை. 50 மீட்டர் ஒலிம்பிக் வகைப் போட்டியில் இவற்றுக்கு இடமில்லை.

சென்டர்ஃபயர் இனத்தில் கதை வேறு. 1950இல் ரெமிங்டன் நிறுவனத்தின் மைக் வாக்கர் வடிவமைத்த .222 ரெமிங்டன், மேசைமேல் துப்பாக்கியைத் தாங்கிவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆட்சி செய்தது. அதை வீழ்த்தியது 1970களின் நடுவில் வந்த பி.பி.சி. தோட்டா. லூயி பால்மிசானோ என்னும் மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்னும் கருவி செய்யும் கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது அது. .220 ரஷ்யன் என்ற தோட்டாவின் கூட்டை எடுத்து, நீளம் குறைந்து தடிப்பு மிகுந்த உருவமாக மாற்றினார்கள். வெடிமருந்து குட்டையான, அகன்ற இடத்தில் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே சீராக எரிகிறது என்பது அவர்களின் எண்ணம். அதன் 6 மில்லிமீட்டர் வடிவம் இன்றும் குறுந்தொலைவுப் பெஞ்ச்ரெஸ்டில் முன்னணியில் நிற்கிறது. 100 கஜத்தில், அதாவது 91 மீட்டரில், ஐந்து குண்டுகளும் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் விழுவது அங்கே வழக்கமான செய்தி. 300 மீட்டர் போட்டிகளில் பலரும் விரும்பும் 6 மில்லிமீட்டர் பி.ஆர். நார்மாவும் இதே குட்டைத் தடிப்பு முறையைப் பின்பற்றுவதுதான்.

ஆக, வெறும் துல்லியத்தை மட்டும் அளந்தால் 6 பி.பி.சி. முதலிடம் பெறும். அங்கும் வெற்றிக்குக் காரணம் வேகமன்று, சீர்மை என்பதைக் கவனியுங்கள். மேலும் பெஞ்ச்ரெஸ்டில் துப்பாக்கி மேசையில் இருக்கிறது. அங்கே சோதிக்கப்படுபவை குழலும் தோட்டாவும், காற்றைப் படிக்கும் அறிவும். நின்றும், மண்டியிட்டும், படுத்தும் சுடும் போட்டியில் துப்பாக்கியைத் தாங்குவது மனித உடல். பள்ளிப் பிள்ளைக்கு நாம் கற்றுத்தர விரும்புவது எதை? குழலின் திறமையையா, பிள்ளையின் நிதானத்தையா?

5.6க்கும் 5.56க்கும் இடையே

என்னிடம் படித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவி ஒருத்தி ஏர் ரைஃபிளில் இரண்டாண்டுகள் நன்றாகச் செய்தாள். 50 மீட்டர் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்து ஒப்புதல் படிவம் அனுப்பினார்கள். படிவத்தில் '5.6 மி.மீ.' என்றிருந்தது. அவளுடைய தந்தை காவற்பணியில் இருப்பவர். "சார், இது இராணுவத் துப்பாக்கி அளவு. பெண்பிள்ளை கையில் இதைக் கொடுக்கலாமா?" என்று என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

அவர் நினைத்தது 5.56 மில்லிமீட்டர் தோட்டாவை. பல நாட்டு இராணுவங்கள் பயன்படுத்துவது அது. அதன் குடிமக்கள் வடிவந்தான்.223 ரெமிங்டன். குண்டின் விட்டம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் .223இன் குண்டு மூன்றரை கிராம் எடையுடன் நொடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. ஆற்றலைக் கணக்கிட்டால்:

- 4.5 மி.மீ. காற்றழுத்தக் குண்டு: ஏறத்தாழ 7.5 ஜூல்
- .22 லாங் ரைஃபிள் போட்டித்தோட்டா: ஏறத்தாழ 140 ஜூல்
- .223 ரெமிங்டன்: ஏறத்தாழ 1,700 ஜூல்

விட்டம் ஒன்று, ஆற்றலில் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்று முன்னரே சொன்னது இதனால்தான்.

இதை விளக்கியபோது அந்தத் தந்தை பொறுமையாகக் கேட்டார். நானும் ஒன்றை மறைக்கவில்லை. 140 ஜூல் என்பது சிறிய எண் இல்லை; .22 குண்டு ஆளைக் கொல்லும். தடுப்பு இல்லாத வெளியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லும். காற்றழுத்தக் குண்டும் கண்ணைப் பறிக்கும். ஆகவே அச்சம் தவறன்று; எதைப் பார்த்து அஞ்ச வேண்டும் என்பதுதான் கேள்வி. எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சுடுதளத்தை நேரில் சென்று பாருங்கள், பயிற்றுநர் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள் என்றேன். அவர் சென்று பார்த்தார். ஏர் ரைஃபிளை அவள் தொடர்ந்தாள். 50 மீட்டருக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அது ஒரு தந்தையின் உரிமை. அறிந்து எடுத்த முடிவு என்பதால் அதை மதிக்கிறேன்.

சிறியது எதையும் மறைக்காது

காற்றழுத்தத் துப்பாக்கியையும் .22ஐயும் நான் பரிந்துரைப்பதற்குக் கற்பித்தல் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. விசையை இழுத்த பிறகும் குண்டு உடனே வெளியேறுவதில்லை. மெதுவான குண்டு குழலுக்குள்ளே நொடியின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு நேரம் பயணம் செய்கிறது. அதற்குள் பிள்ளை தலையைத் தூக்கினாலோ, தோளைத் தளர்த்தினாலோ குண்டு விலகிவிடும். .223இன் குண்டு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே வெளியேறிவிடும். வேகமான தோட்டா பிழையை ஓரளவு மன்னிக்கும், மெதுவானது மன்னிக்காது. சுட்டபிறகும் சில கணம் அசையாமல் குறியையே பார்த்திருக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அதோடு, இத்துப்பாக்கிகளில் பின்னுதைப்பும் பேரோசையும் குறைவு. பின்னுதைப்புக்கு அஞ்சிக் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் விடுவது கடினம். சிறியதில் தொடங்கிய பிள்ளைக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை.

கருவி எவ்வளவு துல்லியமானாலும் மனம் தவறினால் என்னவாகும்? 2004ஆம் ஆண்டு ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். கடைசிக் குண்டு சுமாராக விழுந்தாலே தங்கம். அவர் சுட்டார், குண்டு இலக்கில் நன்றாகவே விழுந்தது. ஆனால் அது பக்கத்துப் போட்டியாளரின் இலக்கு! அவருக்குக் கிடைத்தது சுழியம். எட்டாம் இடத்துக்கு இறங்கினார். உலகின் சிறந்த குழலும் சிறந்த தொகுதித் தோட்டாவும் அன்று அவரிடம் இருந்திருக்கலாம். எந்த இலக்கு என்னுடையது என்று பார்ப்பதைத் தோட்டா செய்து தராது. தேர்வில் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் அழகாக விடையெழுதும் நம் மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை எது?

எதிர்க்கருத்து ஒன்று

"எப்படிச் சொன்னாலும் துப்பாக்கி துப்பாக்கிதானே? பிள்ளையின் மனத்தில் வன்முறை வளராதா?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதற்கு என் விடை இது. கணினி விளையாட்டில் நாள்தோறும் நூறு பேரைச் சுட்டு வீழ்த்தும் பிள்ளைக்குத் துப்பாக்கியின் எடை தெரியாது, விளைவும் தெரியாது. சுடுதளத்தில் முதல் நாள் கற்றுத்தருவது சுடுவதை அன்று. குழல்முனையை எப்போதும் இலக்கின் பக்கமே வைத்திருக்க வேண்டும். கட்டளை வரும்வரை விசையில் விரல் வைக்கக்கூடாது. 'நிறுத்து' என்ற சொல் கேட்டால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். இவற்றை மீறுகிறவர் எவ்வளவு திறமையானவராயினும் வெளியேற்றப்படுவார். கட்டுப்பாட்டை இவ்வளவு கண்டிப்பாகக் கற்பிக்கும் விளையாட்டு வேறு எத்தனை இருக்கின்றன? எனினும், எளிதில் சினம் கொள்ளும் பிள்ளைக்கும், துப்பாக்கியைப் பெருமைக்காக விரும்பும் பிள்ளைக்கும் இது ஏற்றதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதைக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நம்முடையது.

பெற்றோருக்குச் சில பரிந்துரைகள்

1. துப்பாக்கியும் தோட்டாவும் கழகத்திலேயே இருக்கட்டும். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது குற்றம். நினைவுக்காக என்று ஒன்றைக்கூடப் பிள்ளை சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. வெற்றுக் கூடும் வேண்டாம்.

2. பணம் செலவழிக்க வேண்டுமானால் முதலில் உடலுக்குப் பொருந்தும் சுடுமேலங்கி, காதுகாப்பு, கண்ணாடி ஆகியவற்றுக்குச் செலவழியுங்கள். விலையுயர்ந்த தோட்டா பிறகு.

3. ஈயம் நஞ்சு. பயிற்சி முடிந்ததும் பிள்ளை சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும்.

4. "எப்போது பெரிய துப்பாக்கி?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். "இன்று பத்துக் குண்டும் ஒரே இடத்தில் விழுந்தனவா?" என்று கேளுங்கள். துளைகள் நடுவில் விழாவிட்டாலும் நெருக்கமாக விழுந்தால் பிள்ளை முன்னேறுகிறது என்று பொருள். நடுவுக்குக் கொண்டுவருவது குறிகாட்டியைத் திருப்பும் வேலை மட்டுமே.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். அறிவியல் பாடத்தில் விசையும் வேகமும் கற்பிக்கும்போதும், கணிதத்தில் தசமம் கற்பிக்கும்போதும் மேலே கண்ட கணக்குகளை எடுத்தாளுங்கள். தமிழில் இத்துறைக்கு நல்ல சொற்கள் நிலைபெற வேண்டும். குழல், விசை, கூடு, தொகுதி, விலக்கம் எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொற்களே, பயன்படுத்தினால் போதும்.

நம் பிள்ளைகளுள் கை நடுங்காத, மூச்சை அடக்கத் தெரிந்த, ஓரிடத்தில் ஒரு மணிநேரம் பொறுமையாய் நிற்கக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். காற்பந்துத் திடலில் அவர்கள் கண்ணில் படுவதில்லை. வகுப்பின் கடைசி வரிசையில் அமைதியாக அமர்ந்திருப்பார்கள். அடுத்தமுறை குறிசுடும் கழகத்தின் படிவம் வீட்டுக்கு வந்தால், அதைக் கிழித்தெறியுமுன் அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பாருங்கள். ஒரு சனிக்கிழமை சுடுதளத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாற்றுக்கருத்து உடையவர்கள் தாராளமாக எழுதுங்கள். கலந்து பேசுவோம்.

அன்புடன்.